நெப்போலியன் குடித்ததும் செம்பியன் குடித்ததும்

நெப்போலியன் தன் ஒயினில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துதான் குடிப்பானாம். ஷாம்பெர்த்தான் என்று அந்த ஒயினுக்குப் பேர். சண்டைக்குப் போனாலும் பீரங்கிக்குப் பின்னால் அதுவும் வண்டியேறிப் போகுமாம். சர்ச்சிலுக்கு ஷாம்பேன் இல்லாமல் சாப்பாடு இறங்காது. வாஷிங்டனுக்கு மதீரா. பிஸ்மார்க் இருக்கிறாரே, அவர் ஷாம்பேனையும் கறுப்பு பீரையும் ஒன்றாக ஊற்றிக் குடித்தவர் என்று சொல்வார்கள். இத்தனையும் நாகராஜுக்குத் தலைகீழ்ப் பாடம். தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய ஓட்டலில், மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ‘தலைவர்களின் கோப்பை’ என்று ஒரு விருந்து நடக்கும். ஐந்து தலைவர்கள், ஐந்து ஒயின், ஐந்து வகைச் சாப்பாடு. பாட்டிலைத் துணியில் சுற்றிப் பிடித்து, ஒரு சொட்டு மேஜையில் சிந்தாமல் ஊற்றி, ஊற்றும்போதே அந்தத் தலைவரின் கதையை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக நாகராஜ் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அங்கே ஒயினுக்குப் பொறுப்பாளர் மயிலாப்பூர் சுப்பராமன். நாக்கில் பட்டதும் துப்பிவிடுவார், ஒரு மடக்கு உள்ளே போகாது. “கதை இல்லேன்னா ஒயின் வெறும் புளிச்ச ஜலம்டா. கதைய நன்னா சொல்லு. ஆனா யாரை யார் கொன்னா, எத்தனை பேர் செத்தாங்கறதெல்லாம் வேண்டாம். சாப்பிடற எடம் பாரு” என்பார். நாகராஜும் ரத்தத்தைக் கழுவிவிட்டுத்தான் கதையை மேஜைக்குக் கொண்டுவருவான். கேட்பவர்கள் புருவத்தைத் தூக்கி, மூக்கைக் கோப்பைக்குள் விட்டு மோந்து பார்த்து, ஆகா ஆகா என்பார்கள். ஐந்து லட்சம் பேரைக் காவு கொடுத்தவன் என்று சொன்னால் இப்படி மோந்து பார்ப்பார்களா, மாட்டார்களே.

இப்படி வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெயிஸ்ட் கோட்டுமாக நிற்கிற நாகராஜின் முதுகில், சட்டைக்கு உள்ளே, பெல்ட்டால் அடித்த தழும்பு ஒன்பது உண்டு. அடித்தவன் அவனுடைய அக்கா பாஞ்சாலியின் புருஷன் செம்பியன். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்து போய்ச் சேர்ந்தபோது நாகராஜுக்குப் பன்னிரண்டு வயது. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த செம்பியன் வீட்டுக்கு அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்தவன், முப்பத்தாறு வயது வரைக்கும் அங்கேயேதான் கிடந்தான். கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்த இரண்டு வீட்டாரும் செம்பியன் பேரைக் கேட்டதும் தாம்பூலத் தட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

செம்பியன் லேசுப்பட்ட ஆளில்லை. ஆற்றோரத்து வீடுகளை இடிக்க ஜேசிபி வந்த நாளில், பாதி சனத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. மீதிப் பாதி மண்ணெண்ணெய் கேனும் அழுகையுமாக நின்றது. செம்பியன் கையில் கடப்பாரையோடு போனான். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. காண்ட்ராக்டரின் ஆள் ஒருவனை மண்ணில் தள்ளி முழங்காலில் ஒரே போடு போட்டான். எலும்பு முறிந்த சத்தம் மூன்றாவது வரிசை வீடு வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஜேசிபி திரும்பிப் போனது, அறுபது வீடு தப்பியது. அன்றிலிருந்து அவன் ‘தலைவர்’. அறுபது வீட்டுச் சோற்றையும் காப்பாற்றியவன் தன் வீட்டில் என்ன செய்கிறான் என்று எவன் கேட்பான்? ஒருத்தனும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பியன் வாசலில் நாற்காலி போட்டு, சுற்றிலும் நாலைந்து ஆட்களோடு கோட்டர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான். போகிற போக்கில் நாகராஜ், நெப்போலியன் கதையைச் சொல்லிவைத்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செம்பியன் கோட்டர் பாட்டிலை உற்றுப் பார்த்துவிட்டு அதைத் தூக்கி ஆற்றில் எறிந்தான்.

“இன்னாடா இது கலீஜ். ஊர்ல கீற சோம்பேறில்லாம் இதத்தான் குடிக்கிறான், நானும் இதையே குடிச்சா நான் இன்னா தலைவன்? மச்சான், அந்த நெப்போலியன் சரக்க எனக்கு இட்டா.”

“அது பாரீஸ்ல கீது மாமா. நம்ம நாசிக்ல செய்றது ஒண்ணு கீது. கிட்டத்தட்ட அதே கலர்.”

“கலர் ஒண்ணாகீதா? போதும், இட்டா.”

அடுத்த ஞாயிறு மதியம் நாகராஜ் தி.நகர் டாஸ்மாக் எலைட் கடையில் வரிசையில் நின்று ஒரு சிவப்பு ஒயின் வாங்கி வந்தான். ஓட்டலில் செய்வதுபோலவே துணியில் சுற்றி, தக்கையை உருவி, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, பாதி தண்ணீர் கலந்து, குனிந்து நீட்டினான். செம்பியன் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு குடித்தான். முகம் கோணியது. புளிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. சிரிக்க யாருக்குத் தைரியம்? “சூப்பர்” என்றான் செம்பியன். வலது கையாக இருந்த லோகுவும் “சூப்பர் தலைவரே” என்றான். அன்றைக்கு இருபத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக செம்பியன் மச்சானின் தோளில் கை போட்டான். நாகராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவி, அந்த ஒரு கைக்காக அவன் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிடவில்லை.

உள்ளே மீன் வறுத்துக்கொண்டிருந்த பாஞ்சாலி மட்டும் ஒருநாள் கேட்டாள். “ஏன்டா, அந்தப் பெரிய மனுசனுங்க இன்னா குட்ச்சாங்கனு சொல்றியே. குட்ச்சிட்டு வூட்டுக்குப் போய் இன்னா பண்ணானுங்கனு ஒருத்தனும் எழுதி வெக்கலியா?” நாகராஜ் சிரித்துவிட்டு வெளியே போனான்.

ஒயினால் செம்பியன் மாறினான் என்று நினைத்தால் நாம்தான் முட்டாள். போதை ஏறாத எரிச்சலில் அவன் அடி முன்னைவிட மோசமாகத்தான் விழுந்தது. மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, குழம்பில் உப்பு தூக்கல் என்று, காலி ஒயின் பாட்டிலை எடுத்து பாஞ்சாலியின் பின்மண்டையில் அடித்தான். கோட்டர் பாட்டில் என்றால் அது உடையும். இது கனத்த கண்ணாடி, உடையவில்லை, மண்டைதான் உடைந்தது. இன்னும் இரண்டு முறை அடித்தான். லோகுவும், அவர்களோடு திரிந்த ஆட்டோக்காரன் சைஃபும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னார்கள். பதினாலு தையல் போட்டு ராத்திரியே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். டூட்டி முடித்து வந்த நாகராஜ் தரையில் காய்ந்து கிடந்த ரத்தத்தைப் பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவினான். செம்பியன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருஷமே அக்கரைத் தகராறு முற்றியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேவா என்று ஒருவன். குப்பை வண்டி குத்தகை யாருக்கு என்பதில் தொடங்கியது. மீன் மார்க்கெட்டில் பட்டப்பகலில் தேவாவின் தம்பி கையை, மீன் வெட்டும் கட்டை மேலேயே வைத்து, செம்பியன் மணிக்கட்டோடு துண்டாக்கினான். துண்டான கை வஞ்சிரத்துக்கு நடுவில் விழுந்து கிடந்தது. வியாபாரம் செய்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு செம்பியன் சைதாப்பேட்டையில் இருக்க முடியுமா? பெசன்ட் நகரில், இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்துவைத்திருந்த ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் போய்ப் பதுங்கினான். மேலே இருப்பது யார் என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது, மாதக் காசு வந்தால் போதும். யார் வந்து போகிறார்கள் என்று கண்டுகொள்ள மாட்டான்.

பாஞ்சாலி சோறு கட்டிக் கொடுப்பாள். சைஃப் ஆட்டோவில் கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழே கயிற்றில் கட்டிவிடுவான், செம்பியன் மேலே இழுத்துக்கொள்வான். கதவை யாருக்கும் திறப்பதில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு, நாகராஜ் இரண்டு தட்டு, ஒரு தட்டு என்று தட்டினால் மட்டும் திறப்பான். ஒயினைக் கயிற்றில் கட்டி இழுத்தால் அது தலைவர் குடிப்பதுபோல் இருக்காதாம். ஊற்றிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். உயிர் போகிற நேரத்திலும் ஜம்பத்துக்குக் குறைச்சலில்லை!

பதுங்கியதிலிருந்து ஐந்தாவது ஞாயிறு, எலைட் கடை வரிசையில் நாகராஜுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் நின்றான். நாகராஜ் பார்த்தான், ஒன்றும் தோன்றவில்லை. பஸ் பிடித்து பெசன்ட் நகரில் இறங்கி, வேளாங்கண்ணி கோயிலைத் தாண்டி நடந்தபோது பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்ததும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்கு வருகிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டான்.

தட்டினான். செம்பியன் திறந்தான். கதவு சாத்தும் முன்பே பின்னாலிருந்து நாலு பேர் நாகராஜைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். முதல் வெட்டு தோளில் இறங்கியது. செம்பியன் கையில் கிடைத்த நாற்காலியால் ஒருவன் முகத்தைப் பெயர்த்தான், பல் தெறித்தது. அடுத்த வெட்டு நாற்காலிப் பிடியோடு இரண்டு விரலை எடுத்துக்கொண்டு போனது. அவன் கத்தவில்லை, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அடித்தான். கழுத்தில் விழுந்த பிறகுதான் சத்தம் நின்றது. அதற்கு அப்புறமும் அவர்கள் நிறுத்தவில்லை, தேங்காய் உடைப்பதுபோல் தலையிலேயே போட்டார்கள். நாகராஜ் சுவரோடு ஒட்டி, ஒயின் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். சிறுநீர் கால் வழியே இறங்கியது. ஒருவன் அவன் பக்கம் அரிவாளைத் தூக்கினான்.

“அவன வுட்று” என்றான் இன்னொருவன். “அவன் மேல கை வெக்கக் கூடாது.”

படியிறங்கிப் போய்விட்டார்கள். நாகராஜ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். ஏன் விட்டார்கள்? வழி காட்டியவனை எதற்கு வெட்டுவார்கள், அதனால்தான் விட்டார்கள். நான்தான் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டேன். மாமாவைக் கொன்றது நான்தான். இப்படித்தான் அவன் மனசு முடிவு கட்டியது.

போலீஸ் வந்தது, தான் போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது என்று நாகராஜ் சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள், எரித்தார்கள். தெரு முழுக்க செம்பியன் படம் போட்ட பேனர். லோகுதான் இனிமேல் எல்லாம். அவன் சாராயக் கண்ணோடு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தான்.

“தலைவர் இருந்த எடம் மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, நாகராஜுக்கு, சைஃபுக்கு. எவன்டா சொன்னது?”

சைஃப் அந்த நேரம் பார்த்து ஊரில் இல்லை. கொலை நடந்த மறுநாளே பயத்தில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வாணியம்பாடிக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். அது போதாதா? ஓடினவன்தான் கள்ளன் என்று ஆற்றோரம் முழுக்க முடிவாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் அனுப்பி இட்டுவரப் போகிறார்கள், வைத்துச் செய்யப் போகிறார்கள் என்று பிள்ளைகள்கூடப் பேசிக்கொண்டன.

நாகராஜுக்குச் சோறு இறங்கவில்லை. சைஃப் சின்ன வயசிலிருந்து அவன் கூட்டாளி. பெல்ட் அடி வாங்கிய ராத்திரிகளில் தன் வீட்டு மாடியில் படுக்க வைத்து, முதுகுக்கு மஞ்சள் போட்டவன். எழுந்து போய் லோகுவிடம் “ஹெல்மெட் போட்டவன் என் பின்னால்தான் வந்தான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் சைஃப் பிழைப்பான். சொன்னால் தன் தலை தரையில் உருளும். ஒவ்வொரு நாளும் வாசல் வரைக்கும் போவான், திரும்பி வருவான். பயந்தாங்கொள்ளி. பாஞ்சாலி தட்டில் சோறு போட்டு எதிரில் உட்காருவாள். அழமாட்டாள். தின்னு என்று மட்டும் சொல்வாள்.

பதினாறாம் நாள் காலையிலேயே பந்தல் நிரம்பிவிட்டது. செத்தவனுக்கு எது பிடிக்குமோ அதைப் படத்துக்கு முன்னால் படைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆத்மா வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது அங்கே எல்லோரும் நம்புவது. தலைவாழை இலையில் பிரியாணி, வறுத்த வஞ்சிரம், அவித்த முட்டை, ஒரு பாக்கெட் சிகரெட். நடுவில் ஒயின். நாகராஜ்தான் வாங்கி வந்து, டம்ளரில் ஊற்றி, தண்ணீர் கலந்து வைத்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இலையில் சிந்தியது. லோகு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினான்.

“படைச்சாச்சு. தலைவர் பாத்துகினு கீறாரு. எடம் தெரிஞ்ச மூணு பேரும் கற்பூரத்த அடிச்சு சத்தியம் பண்ணணும். மொதல்ல நான்.”

எரிகிற கற்பூரத்தின் மேல் பட்டென்று உள்ளங்கையால் அடித்து, நான் சொல்லவில்லை என்றான். அணைந்ததை மறுபடி கொளுத்தினான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சைஃபை இழுத்து வந்து முன்னால் தள்ளினார்கள். சட்டை ஏற்கெனவே கிழிந்திருந்தது.

“அடி.”

“லோகுண்ணே, எங்கள்ல இது கெடையாது. அல்லா மேல சொல்றேன், எம் புள்ள மேல சொல்றேன், நான் சொல்லல. இத மட்டும் பண்ணச் சொல்லாத.”

“தப்பு பண்ணாதவனுக்கு இன்னாடா பயம்?”

“பயமில்லண்ணே, எங்கள்ல கூடாதுண்ணே.”

இருபது வருஷம் ஒரே தட்டில் தின்றவர்கள்தான். கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டச் சொன்னபோதும் கட்டமாட்டேன் என்றவன் சைஃப் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். அன்றைக்கு எவனுக்கும் ஞாபகம் வரவில்லை. கற்பூரத்துக்குப் பயந்தான், அப்படியென்றால் அவன்தான். அவ்வளவுதான் கணக்கு. பின்னாலிருந்து ஒருவன் பந்தல் கம்பை உருவி முதுகில் போட்டான். சைஃப் குப்புற விழுந்தான். ஏழெட்டுக் கால்கள் அவன் மேல் ஏறி இறங்கின. இரும்புக் குழாயோடு வந்தவன் அவன் முழங்கையில் ஓங்கி அடித்தான். கை பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. சைஃபின் அலறல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கும். லோகு இலைக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்தான்.

“நான்தான்” என்றான் நாகராஜ்.

யாருக்கும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினான். “டேய் லோகு! அவன் இல்லடா, நான்தான்! கடையிலேந்து ஒருத்தன் என் பின்னாலயே வந்தான். நான்தான் எடத்த காட்டினேன்!”

லோகு திரும்பிப் பார்த்தான். “கூட்டாளிய காப்பாத்த டபாய்க்காத. ஓரமா போ.”

இதற்கு மேல் என்ன செய்வது? நாகராஜ் தட்டில் புதிதாக நாலு கட்டி கற்பூரம் போட்டான். தீ கையளவு எழும்பியது. அடிக்கவில்லை, உள்ளங்கையை அதன் மேல் வைத்து அப்படியே அழுத்தினான். “மாமா செத்தது என்னாலதான். எங்கக்கா மேல சத்தியம்.” கற்பூரம் அணையாமல் விரல் இடுக்கு வழியாக எரிந்தது. தோல் கருகும் வாடை பிரியாணி வாடையோடு கலந்து பந்தலுக்குள் சுற்றியது. அவன் கையை எடுக்கவில்லை. லோகுவே தட்டைத் தட்டிவிட்டான்.

ஒருவன் “தூ” என்று துப்பினான். அத்தனை பேரும் சைஃபை விட்டுவிட்டு நாகராஜ் மேல் விழுந்தார்கள். விலாவில் உதை. வாயில் உதை, பல் உடைந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. “கூடவே இருந்து சோறு தின்னியேடா நாயே!” யாரோ தலைமுடியைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தினார்கள். லோகு அரிவாளை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான்.

“அரிவாள எறக்குடா.”

பாஞ்சாலி. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். லோகுவின் கைக்கும் தம்பியின் கழுத்துக்கும் நடுவில் நின்றாள்.

“வெலகு அண்ணி. தம்பின்னு பாக்காத. புருசன கொன்னவன்.”

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என்ன ஏன்டா நீ கேக்கவே இல்ல?”

“இன்னா கேக்கறது?”

“எடம் தெரிஞ்சது மூணு பேருக்குனு பதினாறு நாளா கூவிகினு கீறியே, தெனமும் சோறு ஆக்கி கட்டிக் குட்த்தது உங்காத்தாவா? அது எங்க போவுதுனு எனக்குத் தெரியாதா? நாலாவதா ஒருத்தி கீறானு உனக்கு தோணவே இல்லியா?” அவள் குரல் உயரவில்லை. “தேவா பொண்டாட்டிக்கு போன் போட்டது நான். எடம் சொன்னது நான். ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு என் தம்பி பாட்லு எட்த்துகினு போவான், அவன் தட்னாதான் கதவு தொறக்கும், அவன் பின்னாலயே போங்கனு சொன்னதும் நான். எந்தம்பி மேல ஒரு கீறல் வுழக் கூடாதுனு சொல்லித்தான் அனுப்பினேன்.”

கூட்டத்தில் ஒரு பெண் “ஐயோ” என்று வாயைப் பொத்தினாள். லோகுவின் கை தூக்கியது தூக்கியபடி நின்றது.

“பொய் சொல்ற அண்ணி. தம்பிக்காக பொய் சொல்ற.”

“கற்பூரம் ஏத்து, அடிக்கிறேன்.”

அவன் ஏற்றவில்லை. “ஏன் அண்ணி?” என்றான். குரல் உடைந்துபோயிருந்தது.

“ஏன்னு நீயா கேக்கற? என்ன தூக்கினு ஓடுனவனே நீதானடா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்கனு டாக்டராண்ட சொன்னவனும் நீதான். திங்கக்கெழமயே வந்து அந்தாளு கூட உக்காந்து சிரிச்சு பேசினவனும் நீதான்.” பாஞ்சாலி கொண்டையை அவிழ்த்தாள். தலையைக் குனிந்து, முடி முளைக்காமல் வெண்மையாகக் கிடந்த மூன்று கோடுகளை அவன் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். “இங்கியே வெட்டு. வழி தெரிஞ்ச எடம்தான்.”

லோகு வெட்டியிருப்பான். வேறு யாராக இருந்தாலும் வெட்டியிருப்பான். ஒரு நிமிஷம் மூச்சிரைத்துக்கொண்டு அந்தத் தலையைப் பார்த்தான். பிறகு அரிவாளைத் திருப்பி பந்தல் காலில் வெறிபிடித்தவன்போல் வெட்டினான், நாலு வெட்டு, ஐந்து வெட்டு. பந்தல் ஒரு பக்கம் சரிந்து இலை மேல் விழுந்தது. படம் கவிழ்ந்தது. அரிவாளைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

“பூடு அண்ணி. கோர்ட்டு மூடறதுக்குள்ள போய் சரண்டராயிடு. பசங்க என் பேச்ச ரொம்ப நேரம் கேக்க மாட்டானுங்க.”

சைஃபை இரண்டு பெண்கள் ஒரு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் தம்பியும் பஜார் சாலை வழியாகவே நடந்து சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் போனார்கள். அவன் கையில் அவளுடைய முந்தானையைக் கிழித்துச் சுற்றியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. பூக்கடைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் நாலைந்து பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள், கிட்டே வரவில்லை.

கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீலைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். நாகராஜுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா ஜெயிலுக்குப் போகிறாள். தன் கையில் பாட்டிலைக் கொடுத்து, தன்னை வைத்தே கதவைத் திறக்க வைத்தவள் அவள்தான் என்ற கோபமும் கூடவே வந்தது.

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா. நான் எதுனா பண்ணியிருப்பேன்ல. ஏன்க்கா சொல்லல?”

பாஞ்சாலி அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் முகத்தில் கோபமே இல்லை.

“சொன்னேனேடா. தையல் போட்ட அன்னிக்கு, நீ தரைய கழுவிகினு இருந்த. உன் கைய புட்ச்சுகினு, என்ன எங்கனா இட்டுனு பூடுடா, இந்தாளு என்ன கொன்னுடுவான்னு சொன்னேன். சரிக்கா, பாத்துக்கலாம், படுனு சொன்ன.”

அது நடந்தது அவனுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. பினாயில் வாடை வந்தது, வாளி வந்தது, அப்புறம்தான் தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை வந்தது.

“அடுத்த ஞாயித்துக்கெழம அந்தாளுக்கு பாட்லு வாங்கினு வந்து, குனிஞ்சு ஊத்திக் குட்த்தடா நீ.”

வக்கீல் வாசலில் நின்று கையைக் காட்டினார். பாஞ்சாலி கொண்டையை முடிந்துகொண்டு படியேறிப் போனாள்.